நம்பர் வந்தது, பெயர் வரவில்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குன்னூர் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அவள். அதே நெற்றித் தழும்பு, சிரித்தால் ஒரு கண் மட்டும் சுருங்கும் அதே சிரிப்பு. டெலிபோன் போர்டில் என் பக்கத்து நாற்காலியில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள். இரவு டியூட்டியில் ஒரே பிளாஸ்க்கிலிருந்து இரண்டு பேரும் டீ குடித்திருக்கிறோம். அவள் அப்பா எந்த எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார், முதல் பிரசவத்துக்கு எந்த மழையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாள், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. அவள் வீட்டுக்குப் போன் வந்தபோது கொடுத்த நம்பர்கூட வந்தது. 247. பெயர் மட்டும் வரவில்லை.

பத்து நிமிஷம் பேசினோம். அவள் என் பெயரை நான்கு தடவை சொன்னாள். நான் ‘ஏ புள்ள’ என்றே சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். க, ச, த என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தும் பிடிபடவில்லை. மறுநாள் காலை இட்லி மாவில் உப்பைப் போட்டுக் கலக்கும்போது, தேடாமலே அந்தப் பெயர் வந்துவிட்டது. கையில் மாவோடு சத்தமாகவே சொன்னேன். அவள் இதைப் படிப்பாள் என்பதால் இங்கே எழுதவில்லை.

எனக்கு 72 வயது. 1974-ல் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் அந்த வீட்டின் ஷட்டர் டக்கென்று விழும் காலம் அது. ஹெட்செட்டில் ‘நம்பர் ப்ளீஸ்’ என்போம், ஒயர் முனையை எடுத்து அந்த நம்பரின் துளையில் செருகுவோம். பாதிப் பேர் நம்பர் சொல்லவே மாட்டார்கள். ‘பேங்க் ஏஜென்ட் வீட்டுக்குப் போடும்மா’ என்பார்கள், போடுவேன். இருநூற்றுச் சொச்சம் நம்பர்கள் எனக்கு மனப்பாடம். யார் வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணினார்கள், எது அர்ஜென்ட், எது அதைவிட அவசரமான லைட்னிங், எது குறிப்பிட்ட ஆளையே கூப்பிடச் சொல்லும் பிபி கால் எல்லாம் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட்டில் எழுதுவது ஆபீசுக்காக. ஞாபகசக்தியால் சோறு சாப்பிட்டவளுக்குக் கூட உட்கார்ந்தவளின் பெயர் வரவில்லை என்றால், பயம் வராமல் இருக்குமா?

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மா. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் ஒரு வருடமாகப் படித்து வருகிறேன். எனக்கு முதலில் ஆறுதல் தந்தது பெயர் விஷயம்தான். பெயர் நழுவுவதற்குப் பெயரின் இயல்பே ஒரு காரணம். ஒருவரைக் காட்டி ‘இவர் வர்க்கி போடுகிறவர்’ என்று சொன்னால் அடுப்பின் சூடு, மைதா ஒட்டிய கை, சாயங்கால வாசனை என்று பத்து விஷயம் கூடவே ஒட்டிக்கொள்ளும். அதே ஆளைக் காட்டி ஒரு பெயரை மட்டும் சொன்னால் அதற்கு ஒட்டு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் பேக்கர் என்பது ரொட்டி சுடும் தொழில், குடும்பப் பெயரும்கூட. 1987-ல் இங்கிலாந்தில் முகங்களைக் காட்டிச் சோதித்தார்கள். தொழிலாகச் சொன்னபோது மனதில் நின்ற அதே சொல், பெயராகச் சொன்னபோது நழுவியது.

1991-ல் டெபோரா பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும், நாக்கு நுனியில் வந்து நின்றுவிடும் சொற்களைப் பற்றி எழுதினார்கள். வயதானால் இது அதிகமாகிறது, அதிலும் ஆட்களின் பெயர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்தது எதுவும் போவதில்லை. தெரிந்ததற்கும் அதை உச்சரிக்கும் ஒலிக்கும் நடுவில் இருக்கும் தொடர்பு தளர்கிறது. அடிக்கடி சொல்லாத பெயர் என்றால் இன்னும் தளர்கிறது. அவள் பெயரை நான் வாயால் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. மாவில் கை வைத்திருந்தபோது வந்ததும் அதிசயம் இல்லை. அப்படி நின்ற சொற்களில் பெரும்பாலானவை கொஞ்சம் கழித்துத் தானாக வந்துவிடுகின்றன.

மூளை சுருங்குகிறது என்பது உண்மை. ஏறக்குறைய 1.3, 1.4 கிலோ எடையுள்ள அது நாற்பதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறைகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும், புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் கூடுதலாகச் சுருங்குகின்றன. ஆனால் தினமும் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப் போகின்றன என்று நாம் கேட்டு வளர்ந்த கதை சரியில்லை. நோய் இல்லாத முதுமையில் நரம்பு செல்களில் பெரும்பாலானவை அப்படியேதான் இருக்கின்றன. அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் குறைகின்றன, நீண்ட இழைகளைச் சுற்றியிருக்கும் உறை பழுதாகிறது, அதனால் செய்தி போய்ச் சேர நேரம் பிடிக்கிறது.

உறை என்றதும் எனக்குப் பழைய கேபிள்கள் ஞாபகம் வந்தன. எங்கள் மலையில் ஜூலை மழையில் கேபிளுக்குள் ஈரம் இறங்கிவிடும். லைன் செத்திருக்காது. ஆனால் இரைச்சல், ஒருவர் பேச்சு இன்னொருவர் லைனில் கேட்கும். இப்போது சமையலறையில் குக்கரும், ஹாலில் டிவியும், பக்கத்தில் பேசும் மருமகளுமாக இருந்தால் எனக்கு அதே நிலைமைதான். மூன்றும் ஒரே அளவில் உள்ளே வருகின்றன. வேண்டாததைத் தள்ளி வைக்கும் சக்தி வயதோடு குறைகிறது என்று லின் ஹாஷர், ரோஸ் ஜாக்ஸ் என்ற இருவர் 1988-லேயே எழுதியிருக்கிறார்கள். போர்டில் இருந்த காலத்தில் ஒரு காதில் சென்னை, இன்னொரு காதில் சூப்பர்வைசர் என்று சமாளித்தவள் நான். இப்போது டிவியை நிறுத்திவிட்டு ‘சொல்லும்மா’ என்கிறேன். டிவியை நிறுத்திவிட்டால் அவள் சொல்வது முழுவதும் விளங்குகிறது.

வளர்வதும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷாயி 1956-ல் ஆரம்பித்த ஆய்வில், ஏழு வருடத்துக்கு ஒரு முறை ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். வேகம் சீக்கிரமே குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறனும் வெகுகாலம் நிற்கின்றன. அறுபதுக்கு முன்னால் பெரிய வீழ்ச்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். போனில் புது ஆப் எதையாவது போட்டுக்கொடுத்தால் எனக்கு நான்கு நாள் ஆகிறது. ஆனால் சொத்துப் பிரிப்பில் கொழுந்தனார் பேசும்போது அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. நாற்பதாவது வயதில் எனக்கு அது தெரிந்திருக்காது.

சரி, அம்மா.

அம்மா குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். முப்பத்தெட்டு வருடம். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடையோடுதான் எனக்கு அவரை ஞாபகம். அவர் மறதி பெயர் மறதி இல்லை. முதலில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் பாலத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் நடந்த பாதை. அப்புறம் அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் எதற்கு ஊற்ற வேண்டும் என்று கேட்டார். கடைசியில் நான் யார் என்று தெரியவில்லை. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும், பொழுது சாயுது’ என்று அழுதார். ‘புத்தி பேதலிச்சிருச்சு’ என்றார்கள் லயத்து ஆட்கள். டிமென்ஷியா என்ற சொல்லை நான் கேள்விப்பட்டபோது நோய் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

2002 என்று நினைக்கிறேன். ஒரு மதியம் வெயில் நன்றாக இருந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன், அங்கே வேலி ஓரம் தேயிலைச் செடிகள் இருந்தன. செடிக்கு முன்னால் நின்றதும் அவர் முதுகு லேசாக வளைந்தது. வலது கை போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துளிருக்குக் கீழே நுழைந்து, ஒரு சின்னத் திருகு, டிக் என்ற சத்தம். இரண்டு இலை, ஒரு மொட்டு. அடுத்தது. இடது கையும் சேர்ந்துகொண்டது. முற்றின இலையைத் தொடவே இல்லை, வளர்ச்சி நின்ற துளிரை விட்டுவிட்டுத் தாண்டினார். கை நிறைந்ததும், திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார். அங்கே கூடை இல்லை. கொழுந்து மண்ணில் விழுந்தது. அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் அப்படியே நடந்தோம்.

அது எப்படி என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவருக்குப் புதிய ஞாபகம் எதுவும் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் வரைவது திருந்தியது. ஆனால் ஒவ்வொரு நாளும் ‘இதை நான் செய்ததே இல்லை’ என்றார். கை கற்றது மூளையில் வேறு இடங்களில் தங்குகிறது என்று அப்போதுதான் தெளிவானது. அம்மாவின் பெயர்களும் வழிகளும் முகங்களும் போன பிறகும், கொழுந்து வெகுநாள் நின்றது. 2004-ல் இறந்துபோனார்.

இதையெல்லாம் பார்த்தவர்கள் நாங்கள் என்பதால், மூன்று வருடத்துக்கு முன் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லோரும் உடனே முடிவு கட்டிவிட்டார்கள். அக்காவுக்கு 81. கோத்தகிரியில் மகனோடு இருக்கிறார். ‘பேரன் பரீட்சை எப்படி எழுதினான்?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டேன்’ என்பார். பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்விடுவார். கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து யாரிடமும் பேசவில்லை. ‘அம்மா மாதிரியே ஆரம்பிச்சிருச்சு’ என்றான் அண்ணன் மகன், அக்காவை வைத்துக்கொண்டே.

நான் காதால் பிழைத்தவள். அக்காவோடு இரண்டு நாள் இருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஆண்கள் பேசினால் சரியாகப் பதில் வருகிறது. பெண்களும் குழந்தைகளும் பேசினால்தான் தப்புகிறது. ‘பால்’ என்றால் ‘கால்’ என்று கேட்டு முட்டியைத் தடவுகிறார். ‘தட்டு எடு’ என்றால் ‘எதைக் கட்டணும்?’ என்கிறார். சொல்லின் இழுப்பு கேட்கிறது, முதல் எழுத்தின் தட்டல் கேட்கவில்லை. பழைய ட்ரங்க் லைனில் எனக்கு நாள் முழுவதும் இருந்த அதே தொல்லை. வயதில் காது போவதும் இப்படித்தான். உச்ச ஒலிகள் முதலில் போகின்றன, மெய்யெழுத்துகளில் பல அங்கேதான் இருக்கின்றன.

கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தோம். இரண்டு காதும் நன்றாகவே குறைந்திருந்தன. மெஷின் வாங்கினோம். முதல் ஒரு மாதம் அது டப்பாவிலேயே கிடந்தது. ‘எல்லாம் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு’ என்று கழற்றி வைத்துவிட்டார். காதில் சத்தம் ஏறினால் போதாது, வருடக்கணக்காக வராத ஒலிகளை மூளை மறுபடி பிரித்துப் பழக வேண்டும் என்று சோதித்த பெண் சொல்லியிருந்தார். தினம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தோம், நான் போனில் பேசுவேன். ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு, ‘ஏம்மா, அங்க மழையா? இங்க கூரைல சத்தம் கேக்குதே’ என்றார். மழை அவர் வீட்டுத் தகரத்தில்தான். ‘எத்தனை நாளாச்சு இதைக் கேட்டு’ என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இன்னும் சில விஷயங்களை இரண்டு தடவை கேட்கிறார். ஆனால் கல்யாணத்துக்குப் போனால் நடு வரிசையில் உட்காருகிறார். இது வெறும் வசதி சம்பந்தப்பட்டது இல்லை. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறார்கள். அதில் கேட்காத காதும் கெட்ட கொழுப்பும் முதலிடத்தில். ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, சரிசெய்யாத கண் பார்வை, புகை, தலைக்காயம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் நாட்டில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. சின்ன எண் இல்லை. ஆனால் நூறில் தொண்ணூறுக்கு மேல் இல்லாதவர்கள் என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது.

என் கதையும் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் முன் டிசம்பரில் உறைபனி அதிகம். சளி பிடித்து விடவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி இரவு ஒன்று போட்டுக்கொண்டேன், நன்றாகத் தூக்கமும் வந்தது, அதனால் சளி போன பிறகும் மாத்திரையை விடவில்லை. ஜனவரியில் எனக்கு என்னவோ ஆனது. கேஸ் அடுப்பை இரண்டு தடவை அணைக்க மறந்தேன். ஒரு வியாழக்கிழமையை முழுதாக வெள்ளிக்கிழமை என்று நினைத்து நடந்தேன். இரவு படுக்கையில் அம்மாவின் முகமே வந்தது. மகளிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

ஒரு வழியாகச் சொன்னேன். டாக்டர் ஸ்கேனுக்கு முன்னால் ஒரு விஷயம் கேட்டார். ‘வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்கம்மா.’ பையைக் கவிழ்த்து, அந்தச் சளி மாத்திரையை விரலால் தள்ளித் தனியாக வைத்தார். அதில் இருந்த குளோர்ஃபெனிரமின் என்ற மருந்து, ஞாபகத்துக்கு வேண்டிய அசெட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மூளையில் மட்டுப்படுத்தும். வயதானவர்களுக்கு அது கூடுதலாகவே குழப்பம் தரும். ரத்தத்தில் வைட்டமின் பி12-உம் குறைவாக இருந்தது. மாத்திரையை நிறுத்தி, பி12 ஊசி போட்டு, இரண்டு மாதத்தில் பழையபடி ஆனேன். தைராய்டு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும், வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும் இப்படி ஆகலாமாம். வீட்டில் யாராவது திடீரென்று மாறினால் தயவுசெய்து ‘வயசாயிருச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். பையைக் கவிழ்த்துப் பாருங்கள், ரத்தம் பாருங்கள், காது பாருங்கள்.

இப்போது தினமும் காலை குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரை நடக்கிறேன். 2011-ல் வந்த ஒரு ஆய்வில் 120 முதியவர்களைச் சேர்த்து, பாதிப் பேரை வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வேகமாக நடக்கவைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்தது. வெறுமனே கை காலை நீட்டி மடக்கிய மற்றவர்களுக்குச் சுருங்கியது. எனக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. வாங்கட்டும்.

இன்னொன்று, மொழி. போர்டில் நான் தமிழ், கன்னடம், மலையாளம், இங்கிலீஷ் பேசியிருக்கிறேன். வெலிங்டன் ராணுவ ஆட்களுக்காகக் கொஞ்சம் ஹிந்தி, ஹட்டி என்ற படுகர் ஊர்களிலிருந்து வருபவர்களுக்காகக் கொஞ்சம் படுக பாஷை. நீலகிரியில் சந்தைக்குப் போகிற எல்லோரும் இப்படித்தான். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவரும் குழுவும் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நான்கரை வருடம் தாமதமாக ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் படித்தேன். ஆனாலும் பால்காரரிடம் மலையாளத்திலும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கன்னடத்திலும் பேசுவதை நான் விடப்போவதில்லை.

என் மகனிடம் மட்டும் ஒரு வருத்தம். வெளிநாட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவான். நான் ‘நேத்து அந்த...’ என்று ஒரு விநாடி நிறுத்தினால் போதும், ‘டாக்டரா? மார்க்கெட்டா? சித்தியா?’ என்று மூன்று சொல்லை எடுத்துக் கொடுப்பான். பாசத்தில்தான் செய்கிறான், எனக்குத் தெரியும். ஆனால் அவன் சொல்லும் தப்பான சொல் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறது, என் சொல் உள்ளே வர வழியில்லாமல் போகிறது. அப்புறம் நான் ‘ஒண்ணுமில்லப்பா’ என்று விட்டுவிடுகிறேன். ஒண்ணுமில்லாமல் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகிறேன். போன வாரம் இதை அவனிடம் எழுதி அனுப்பினேன். பேசும்போது சொல்ல முடியவில்லை.

மார்க்கெட்டில் பார்த்தவள் நேற்று போன் செய்தாள். பெயர் மறந்த கதையை அவளிடமே சொல்லிவிட்டேன். ‘எனக்கும் உன் வீட்டுக்காரர் பேர் வரல, அதான் அவரு எப்படி இருக்காருன்னு மட்டும் கேட்டேன்’ என்றாள். பழைய ஆட்களைப் பற்றிப் பேச்சு போனது. கேத்தியிலிருந்து தினமும் சாயங்காலம் மகளுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணுவாரே, ஒரு ஹெட்மாஸ்டர். குடை, சாம்பல் நிறக் கோட்டு, லைன் கிடைக்காவிட்டாலும் ‘தேங்க்யூ சிஸ்டர்’ என்பார். அவர் பெயர் என்று ஆரம்பித்துவிட்டு நின்றேன்.

அவளுக்குத் தெரியும் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. சொல்லவில்லை. லைனில் காத்திருந்தாள், இருபத்தைந்து வருடம் போர்டில் உட்கார்ந்தவள் காத்திருப்பது போல, இடையில் ஒரு ‘ஹலோ’கூடச் சொல்லாமல். ஜன்னலுக்கு வெளியே மலை ரயில் வெலிங்டன் பக்கம் கூவிக்கொண்டு போனது. அது அடங்கியது.

பெயர் வந்தது. சொன்னேன்.

‘ம், அவரேதான்’ என்றாள். ‘அவர் மகளை அப்புறம் நீ பாத்தியா?’